ஊர் வழக்கும் அறமும்: அய்யன்காளியார் வாழ்வு

ஓரூரில் அறமெனப்படுவது மற்றோரூரில் குற்றமெனப்படுகிறது; ஆதலின் நன்மையும் தீமையும் அவரவர் மனப்போக்கேயன்றி வேறில்லை என்று வாதிப்போர் இந்நாளில் பலர். இக்கொள்கை மெய்யாயின், ஒடுக்கப்பட்டோர் தமக்கு அநீதி நேர்ந்ததென்று முறையிடவும் இடமில்லை. இதனை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்துப் பெருமகனார் அய்யன்காளி அவர்களின் வாழ்வு தக்க உரைகல்லாகும்.

திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் சட்டப்படி ஒழிந்தது. எட்டாண்டுகள் கழித்து, 1863 ஆகஸ்டு 28இல், வெங்கானூரில் புலையர் குலத்து அய்யனுக்கும் மாலைக்கும் மகனாக இவர் பிறந்தார். சட்டம் மாறியும் வழக்கம் மாறவில்லை. பொதுச்சாலையில் நடத்தல், வெள்ளாடை உடுத்தல், தலைப்பாகை கட்டல், எழுத்துக் கற்றல் யாவும் அம்மக்களுக்கு விலக்கு. விலக்கியோர் அதனைக் கொடுமையென்று கருதவில்லை. ஆசாரம் என்றே போற்றினர்.

1893இல் அய்யன்காளியார் வில்வண்டி ஒன்றை வாங்கி, வெள்ளாடையும் தலைப்பாகையும் புனைந்து, பொதுச்சாலையிற் சென்றார். ஊர் வழக்கே அறமாயின் அன்று அவர் குற்றவாளி, மறித்தவர்களே நல்லோர். நம் நெஞ்சம் இதை ஏற்குமோ?

நாம் பஞ்சாலையில் உழைத்தவர்கள். துணி அளக்கும் கோல் விற்போனுக்கு ஒரு நீளமும் வாங்குவோனுக்கு ஒரு நீளமும் ஆயின் அது கோலன்று, மோசடி. அறத்துக்கும் அவ்வாறே. காலாமருக்குப் பகவான் புத்தர் காட்டிய கோல், பரம்பரை வழக்கும் அன்று, தன் விருப்பமும் அன்று. பேராசை, பகை, மயக்கம் ஆகியவற்றினின்று பிறந்து துன்பம் விளைப்பது தீது; அவை நீங்கிய உள்ளத்திற் பிறந்து நலம் விளைப்பது நன்று.

அக்கோல் நம்மவரையும் அளக்கும். 1898இல் பாலராமபுரம் சாலியர் தெருவில் அய்யன்காளியார் கூட்டத்தார் வழிநடக்கையில் தாக்கப்பட்டனர். அவர்களும் திருப்பித் தாக்கினர். பஞ்சசீலம் ஏற்ற நாம் அவ்வடியை நல்வினை என்று புகழோம். ஆயினும் நடக்க எண்ணியவனையும் நடவாதே என்று தடி எடுத்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியன்று.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தோன்றியது. எழுத்தறியாத அத்தலைவர் பிள்ளைகளின் கல்விக்காகவே பெரிதும் போராடினார். பள்ளி திறவாவிடில் வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, எதிர்த்தோர் பள்ளிக்கே தீயிட்டனர். 1911இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராகி, தம் மக்கள் குறைகளை அரசின் முன் வைத்தார்.

1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் எழுந்த கல்மாலைப் போராட்டம் நம் கேள்விக்கு நேர்விடை தருகிறது. சாதி அடையாளமாகிய கல்மாலையைப் பெண்கள் கழற்றியபோது கலகம் மூண்டது. நெடுங்காலம் பழகியதால் அதனை அணிகலனென்றே எண்ணியோரும் இருந்திருக்கலாம். ஆனால் விரும்பியபோது கழற்றக் கூடுமாயின்தானே அது அணிகலன்? கழற்றினால் அடி விழுமாயின் அது விலங்கு. பின்னர்க் கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தனர்.

1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. நேற்றுவரை தீட்டென்ற அதே அரசு இன்று தீட்டில்லை என்றது. அறம் அன்று பிறக்கவில்லை. மறைத்திருந்த வழக்கமே விலகியது. அய்யன்காளியார் 1941 ஜூன் 18இல் மறைந்தார். திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில் அவர் சிலை நிற்கிறது.

அன்பர்களே! அவர் பௌத்தர் அல்லர். எனினும் அவர் வாழ்வு நமக்குப் பாடம். திரிசரணம் ஏற்ற பின்னும் உட்சாதி பார்த்துப் பெண் கொடுப்போர் நம்முள் இல்லையா? கேட்டால், எங்கள் வழக்கம் என்கின்றனர். வில்வண்டியை மறித்தோர் சொன்னதும் அதுவே. பிறரை அளந்த கோலால் நம் வீட்டையும் அளப்போமாக.