இருதயச் சுவரும் இப்னுன் நபீஸும்

ஆட்டின் இருதயத்தைப் பிளந்து பார்த்த மாணவர், கீழறைகள் இரண்டிற்கும் நடுவே நிற்கும் தடித்த தசைச்சுவரைக் கண்டிருப்பர். பிரிசுவர் எனப்படும் அதனைப் பற்றிய பிழையொன்று ஆயிரம் ஆண்டுகட்கு மேல் வைத்திய உலகை ஆண்டது. அதனை மறுத்தெழுதியவர் அலாவுத்தீன் இப்னுன் நபீஸ்.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமஷ்க் நகரருகே பிறந்த இவர், அந்நகரின் நூரி மருத்துவமனையில் வைத்தியம் பயின்று, பின்னர் கெய்ரோவிற் குடியேறினார். நம் கரையூர் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகவும் விளங்கினார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், வலவறைக் குருதி கட்புலனாகாத துளைகளின் வழியே இடவறைக்குக் கசிகின்றதென்றார். இப்னு சீனாவும் அவர் வழியே சென்றார். கல்முனை, நிந்தவூர்ப் பக்கங்களில் யூனானி வைத்தியம் அறிந்தோர்க்கு இப்னு சீனாவின் பெயருக்குள்ள மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய நூலுக்கு 1242இல் உரை வகுக்கப் புகுந்தவரே அவரை மறுத்தார். உரைகாரர் மூலநூலாசிரியரை மறுப்பது எளிய காரியமா? பிரிசுவர் செறிவானது, அதில் வெளிப்படையான வழியுமில்லை, மறைவான துளையுமில்லை, வலவறைக் குருதி சுவாசப்பைக்குச் சென்று, காற்றோடு கலந்து, அதன்பின்னரே இடவறையை அடைகின்றது என்று எழுதினார். சமயச் சட்டமும் இரக்கமும் தடுத்தமையால் உடலை அறுத்துப் பார்த்ததில்லையெனவும் அவரே கூறுகிறார். அங்ஙனமாயின் இத்துணைத் தெளிவு எவ்வாறு வந்ததென அறிஞர் இன்றும் வாதிடுவர்.

அச்சுவர் அடைபட்டிருத்தல் உயிருக்கு இன்றியமையாதது. வலவறை சுவாசப்பைக்கு மட்டும் குருதியைத் தள்ளுகின்றது. இடவறையோ உடல் முழுவதற்கும் பன்மடங்கு அழுத்தத்தோடு தள்ளுகின்றது. பிறவியிலேயே அச்சுவரிற் பெருந்துளை அமைந்த குழந்தையின் சுவாசப்பையிற் குருதி மிகுந்து, மூச்சுத் திணறும், பாலருந்தவும் களைத்துவிடும்.

1288இல் கெய்ரோவிற் காலமானபோது தம் வீட்டையும் நூல்களையும் அந்நகரின் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார். அவருடைய சுருக்கநூலாகிய மூஜஸை இந்திய யூனானி வைத்தியர் விரும்பிக் கற்றனர். பேருண்மை பொதிந்த உரையோ ஏட்டிலேயே உறங்கியது. ஐரோப்பாவில் 1553இல் செர்வேதுவும், குருதிச் சுற்றோட்டம் முழுவதையும் விளக்கி 1628இல் ஹார்வியும் எழுதிப் புகழ்பெற்றனர்.

1924இல் எகிப்திய வைத்தியர் தத்தாவி, பெர்லின் நூலகத்திலிருந்த அவ்வுரையின் பிரதியைக் கண்டு, பிரைபேர்க் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதினார். நம்புதற்கரியதாகத் தோன்றவே, ஆசிரியர்கள் அதனைக் கெய்ரோவிலிருந்த மாக்ஸ் மேயர்கோப் என்னும் அறிஞருக்கு அனுப்பினர். அவர் ஆராய்ந்து, செய்தி மெய்யே என உலகறியச் செய்தார்.