சோழமண்டலம் கண்ட ஓவியர் பணிக்கர்

மாமல்லபுரத்தினின்று சென்னை நோக்கிக் கடற்கரைச் சாலை வழியே வருவோர், நெம்மேலியையும் கோவளத்தையும் கடந்து, முட்டுக்காட்டுக் கழியைத் தாண்டி, ஈஞ்சம்பாக்கத்தை அடைவர். இவ்வழியின் ஒரு முனையிற் பல்லவ வேந்தர் ஆதரவிற் பாறைகள் கோயில்களாயின. அவற்றுட் பல முற்றுப்பெறாமலே நிற்கின்றன. ஆதரவு நின்றவிடத்து உளியும் நின்றது போலும். மறுமுனையிலோ வேந்தனுமில்லை, வள்ளலுமில்லை. துணியிற் சாயந் தோய்த்து விற்ற காசைக்கொண்டு ஓவியர் சிலர் தமக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர். அவ்வூரை முதலில் எண்ணியவர் கே. சி. எஸ். பணிக்கர்.

அவர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்தவர். இளமையிலேயே மலையாள நாட்டுக் கிராமக் காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டப் பழகினார். பதினேழாம் வயதிற் சென்னைச் சித்திரக் காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. எனினும் சித்திரம் சோறிடுமென்று நம்பும் குடும்பம் நம் நாட்டில் ஏது? தந்தி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலிலும் ஈடுபட்டார். பிறருடைய ஆயுளுக்கு ஈடு தேடித்தந்தவர், தம் ஆயுளை ஈடில்லாத தொழிலொன்றில் வைக்கத் துணிந்து, இருபத்தைந்தாம் வயதில், 1936-இல், சென்னை அரசாங்க ஓவியப் பள்ளியில் மாணாக்கராய்ச் சேர்ந்தார். டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய அப்பள்ளிக்கு அந்நாளில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராயிருந்தார். கற்றுத் தேர்ந்த பணிக்கர் அங்கேயே ஆசிரியராகி, 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவி, 1957-இல் தம் ஆசிரியருக்குப்பின் தலைவர் பதவியும் ஏற்றார்.

இடையில் 1954-ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பிரயாணம் ஒன்றைக் கூறவேண்டும். இலண்டனிலும் பாரிஸிலும் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். மேனாட்டு நவீன ஓவியத்தை நேரிற் கண்டு மயங்கித் திரும்பியோர் பலர். பணிக்கரோ, நம்மவர் தம் மண்ணிலிருந்தே புதுமையை வருவிக்கவேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றுத் திரும்பினார். அதே ஆண்டிலேதான் புதுடில்லியில் லலித கலா அகாதமி என்னும் மத்திய கலைக்கழகமும் தோன்றிற்று. அரசாங்கம் கலையை நினைத்தது நன்றே. ஆயினும் டில்லி தூரம். மனு மெதுவாய்ச் செல்லும். வயிறு அவ்வாறு காத்திராது.

தலைவர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு எதிரே நின்ற கேள்வி எளியது. ஆண்டுதோறும் பயிற்சி முடித்து வெளிவரும் இளைஞர் எங்கே போவர்? சென்னை நகரம் கலையை அறியாத நகரமன்று. மார்கழி வந்தால் சபைதோறும் பாட்டும் பரதமும் கேட்டுக் கண்டு களிக்கும். ஆனால் சுவரில் மாட்ட ஒரு படம் வாங்குவதென்றால், அந்தச் சுவரில் ஏற்கெனவே நாட்காட்டி தொங்குகிறதே என்று கேட்கும். ஓவியம் கற்றவன் விளம்பரக் கம்பெனியிலோ நெசவு நிலையத்திலோ வேலைக்கமர்ந்து, தூரிகையை ஞாயிற்றுக்கிழமைக்கென ஒதுக்கிவைப்பதே வழக்கமாயிற்று. பல வீடுகளில் அந்த ஞாயிறும் வருவதில்லை.

பணிக்கர் கண்ட வழி கைத்தொழில். 1963-ஐ ஒட்டி, பள்ளி நேரம் கழிந்தபின் மாணாக்கரும் ஆசிரியரும் கூடிப் பாத்திக் வேலையில் இறங்கினர். உருக்கிய மெழுகைத் துணியின்மேற் சித்திரமாகப் பூசிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடம் நிறம் பற்றாது. மெழுகு வெடித்த கீறல்களின் வழியே சாயம் நுழைந்து நரம்புபோலக் கோடுகள் ஓடும். இவ்வாறு செய்த துணிகள் விலைபோயின. ஓவியம் கேளாத நகரம், ஓவியர் சாயமிட்ட துணியைக் கேட்டு வாங்கியது. இதனை நகைப்பதா, நோவதா என்று தெரியவில்லை. ஆயினும் நகரத்தாரை வைதுகொண்டிராமல் அவர் விரும்பியதை விற்று, அந்தப் பணத்தால் அவர் விரும்பாததைத் தீட்டும் உரிமையைப் பெற்றதே பணிக்கரின் சாமர்த்தியம்.

அந்தப் பணத்தில் ஒருபகுதி சேர்ந்து, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஏக்கர் மணற்பூமி வாங்கப்பட்டது. அந்நாளில் அவ்வூர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கடலோரச் சிற்றூர். நகரத்துப் பிள்ளைகள் அங்கே சென்று தமக்குக் குடில் கட்டிக்கொண்டனர். சோழமண்டலம் என்று பெயரிட்டனர். பட்டறை, காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு எல்லாம் பின்னர் ஒவ்வொன்றாய் எழுந்தன. சுல்தான் அலி, வாசுதேவ், சேனாதிபதி முதலியோர் அங்கு வாழ்ந்து தொழில் செய்தனர். கே. இராமாநுஜம் என்ற இளைஞர் நினைவில் நிற்கத்தக்கவர். விசித்திர மாளிகைகளும் பாம்புகளும் நிறைந்த கனவுலகைப் பேனாவால் நுணுக்கமாய் வரைந்தவர். அத்தகையவருக்கு நகரத்தின் எந்த அலுவலகத்தில் இடமுண்டு? சோழமண்டலம் இடம் தந்தது. அவர் 1973-இல் இளவயதிலேயே மறைந்ததை நினைக்கும்பொழுது, கூரையும் கூட்டாளிகளும் மட்டும் எல்லாத் துயரையும் ஆற்றிவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இத்திட்டத்திற் குறையில்லை என்று யான் கூறேன். பிழைப்புக்காகத் தொட்ட தொழில் பிழைப்பாகவே நிலைத்துவிடும் அபாயம் என்றும் உண்டு. காலையில் மெழுகு உருக்கியவன் மாலையில் திரைச்சீலை முன் அமரும்பொழுது கை சோர்ந்திருக்கும். ஆனால் மானியத்துக்குக் காத்திருப்பவனுடைய கையும் சோர்கிறதே; அது வேலை செய்யாமற் சோர்வது.

பணிக்கரின் சொந்த ஓவியமும் இதே காலத்தில் புது வழி கொண்டது. 1963 முதல் அவர் தீட்டிய சொற்களும் குறிகளும் என்ற வரிசையில், மலையாள எழுத்துப் போன்ற வடிவங்களும், கணக்குச் சமன்பாடுகளும், ஜாதகக் கட்டங்களும் நெருங்கி நிற்கும். படிக்க முயன்றால் ஒரு சொல்லும் பொருள்படாது. பத்தாண்டு அரசாங்கக் கலாசாலையை நடத்தியவர் பார்த்த கோப்புகளும் ஏறக்குறைய அவ்வாறே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவை மட்டும் இத்துணை அழகாயிரா.

1967-இல் அவர் பதவியினின்று ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே மாகாணத்தில் ஆட்சியும் மாறிற்று. ஆட்சி மாறுந்தோறும் புரவலரைப் புதிதாகத் தேடவேண்டிய நிலை சோழமண்டலத்தாருக்கு இல்லை, சாயத்தொட்டிக்குக் கட்சியில்லை. 1976-இல் லலித கலா அகாதமி அவரைத் தன் உறுப்பாண்மை அளித்துச் சிறப்பித்தது. மறு ஆண்டு சனவரியில் அவர் காலமானார். அவர் படங்களுக்கென்றே திருவனந்தபுரத்து அருங்காட்சிசாலை வளாகத்தில் ஒரு சித்திரசாலை உண்டு.

நகரத்தை விட்டு ஓவியர் ஓடினர். நகரமோ அவர்களை விடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகன்றது. 2011-இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. துணி விற்று வாங்கிய மணல் இப்பொழுது துணி விற்று வாங்கக்கூடிய விலையில் இல்லை. மாமல்லபுரம் செல்லும் மாணவர் வழியில் வண்டியை நிறுத்தினால், 2009-இல் அங்குத் திறந்த காட்சிசாலையில் பணிக்கரின் படங்களையும் அவர் தோழரின் படங்களையும் காணலாம்.