கண்காணா அலையைக் கண்டறிந்த ஹெர்ட்ஸ்

வானொலியில் பாட்டுக் கேட்டு மகிழ்கின்றோம். அப்பாட்டைக் கம்பியின்றிச் சுமந்து வருவன மின்காந்த அலைகள். அவ்வலைகள் உண்டென்று உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய மேதை ஹென்றிக் ஹெர்ட்ஸ் ஆவார். அவர்தம் வரலாற்றை நாம் அறிந்துகொள்வோம்.

ஹெர்ட்ஸ் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். இளமையிலேயே ஹெர்ட்ஸ் பள்ளிப் பாடங்களோடு தச்சு வேலையும் கடைசல் வேலையும் கற்றார். பின்னாளில் ஆய்வுக் கருவிகளைச் செய்ய இக்கைத்திறன் அவருக்குப் பெரிதும் உதவிற்று. 1880-இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார்.

மின்புலமும் காந்தப்புலமும் இணைந்து அலையாகப் பரவும் என மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1865-இல் கணக்கிட்டுக் கூறியிருந்தார். அதனைச் சோதனையால் நிறுவியவர் எவருமிலர். ஆசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இத்துறையில் ஆராயுமாறு தூண்டியபோது, தக்க வழி தோன்றாமையால் ஹெர்ட்ஸ் அதனை மேற்கொள்ளவில்லை. எனினும், அவ்வெண்ணம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியராக இருந்தபோது, 1886 முதல் 1888 வரை அவர் அரிய சோதனைகளைச் செய்தார். ஓரிடத்தில் மின்பொறியை உண்டாக்கினார். அப்பால் இருந்த கம்பி வளையத்தின் சிறு இடைவெளியிலும் பொறி தோன்றியது! அது மிக நுண்ணிய பொறி. இருட்டறையில் உற்று நோக்கினால்தான் தெரியும். வாங்கும் கம்பியை அனுப்பும் கம்பிக்குக் குறுக்காகத் திருப்பியபோது பொறி மறைந்தது. மின்புலத்துக்குத் திசை உண்டு என்பது இதனால் புலனாயிற்று.

இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மேசைமீது ஒரு பென்சிலை நிமிர்த்தி வைப்போம். அதுவே அலைபரப்பும் கம்பி எனக் கொள்வோம். பென்சிலை ஒட்டி ஓர் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால், அவ்வட்டையின் பரப்பு மின்புலத் தளமாகும். காந்தப்புலமோ பென்சிலை வட்டமாகச் சூழும். ஆகவே மேசையின் பரப்பு காந்தப்புலத் தளமாகும். இரு தளங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. அலைவாங்கியின் கம்பி மின்புலத்தின் திசையிலேயே அமைந்தால்தான் அலைகளை நன்கு வாங்கும்.

கொடிய நோயால் வருந்திய ஹெர்ட்ஸ், 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் பான் நகரில் தம் 36-ஆம் வயதில் இயற்கை எய்தினார். தம் அலைகள் செய்தி சுமந்து கடல் கடந்ததைக் காண அவர் இல்லை. ஆயினும், அதிர்வெண்ணின் அலகுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. வானொலியில் மெகாஹெர்ட்ஸ் என்று கேட்கும்போதெல்லாம் நாம் அவரையே நினைவுகூர்கின்றோம்.

கைத்திறனும் கூர்நோக்கும் விடாமுயற்சியும் ஹெர்ட்ஸை உயர்த்தின. நாமும் அவற்றைப் போற்றி வளர்ப்போமாக!