தூத்துக்குடியில் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை

சமயநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையின் விளக்கு அணைவது விடிகாலை மூன்று மணிக்குத்தான். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்காக என் அண்ணன் மகன் அங்கே அமர்ந்து கணினிப் பணி செய்கிறான். அவர்களுடைய பகல் அவனுக்கு இரவு. வேலை மிச்சமிருந்தால் அவனுடைய ஞாயிறும் அவர்களுக்கே போய்விடும். சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம், இலையில் குழம்பு ஊற்றிய நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. எழுந்து போனவன் சோறு ஆறிய பிறகும் திரும்பவில்லை. கடிந்துகொண்டபோது, ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரன் கொடுத்ததுதானே சித்தப்பா, கொடுத்தவனே எடுத்துக்கொள்கிறான் என்று சிரித்தான்.

அவன் சொன்னதில் பாதிதான் உண்மை. கச்சேரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஞாயிறு, ஆட்சியாளர்களின் தேவாலயத்தை ஒட்டி வந்ததுதான். ஆலைத் தொழிலாளிக்கு அது அவ்வாறு வரவில்லை. தூத்துக்குடியில் அதைப் பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவர் வ.உ.சிதம்பரனார். கப்பல் ஓட்டியவர், செக்கிழுத்தவர் என்று நாம் நினைவில் வைத்திருக்கும் அம்மனிதர், பிறருடைய ஓய்வுக்காகவும் போராடியவர் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று பிறந்து, தந்தையைப் போலவே வழக்கறிஞரானவர் அவர். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் கதை பலரும் அறிந்தது. அவர் எதிர்த்த ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் முகவர்களாக இருந்தவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள். மதுரைக்காரர்களுக்கு ‘ஆர்வி மில்’ என்ற பெயர் அந்நியமன்று. பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் நூற்பாலைகளை நிறுவியவர்கள் அவர்களே. ஆலைச் சங்கின் ஒலியைக் கொண்டே உணவுக்கும் உறக்கத்துக்கும் நேரம் வகுத்துக்கொண்ட குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

அந்தச் சங்கு ஒலித்த காலத்தின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் பத்து மணி நேர வரம்பு 1847இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் வயது வந்த ஆண் தொழிலாளிக்கு எந்த வரம்பும் இல்லை. நெசவாலைகளில் பன்னிரண்டு மணி நேரம் என்ற முதல் வரம்பு 1911இல்தான் வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது உண்மை. ஆயினும் ஏட்டில் இருந்த அந்த நாளைக் கேட்டுத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது.

1908 பிப்ரவரியில், முப்பத்தைந்து வயது வழக்கறிஞரான சிதம்பரனார், சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தூத்துக்குடியின் கோரல் மில் தொழிலாளர்களிடையே பேசினார். அது ஹார்விகளின் ஆலை. பிப்ரவரி 27 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். கூலி உயர வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், வார விடுமுறை வேண்டும் என்பவை கோரிக்கைகள். அன்றாடக் கூலியில் பிழைப்பவன் வேலையை நிறுத்தினால் மறுநாள் அடுப்பெரியாது. இதை அறிந்தே சிதம்பரனார் நகரில் நிதி திரட்டினார். பலருக்கு வேறு இடங்களில் மாற்று வேலை பிடித்துக் கொடுத்தார். சுதேசி இயக்கத்தை எதிர்த்தவர்களுக்கு நாவிதர்கள் முகம் மழிக்க மறுத்த காலம் அது. ஊரே ஒரு பக்கம் நின்றது. ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, நேரம் குறைந்தது, ஞாயிறு கிடைத்தது.

சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று, அவர் கைது செய்யப்பட்டார். விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதுதான் உடனடிக் காரணம். ஆனால் ஆலை வேலைநிறுத்தம் அதிகாரிகளின் கண்ணை உறுத்தாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். நீதிபதி பின்ஹே விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டவருக்கு வேலையே தண்டனையாயிற்று.

அந்தச் சிறையிலும் அவர் தமக்கென்று சிறிது நேரத்தை மீட்டுக்கொண்டார். ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயரின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். இந்த ஆலனின் கதை சுவையானது. நிறுவனங்களில் செயலாளராக உழைத்தவர், நடுவயதை எட்டுமுன்பே அந்த வேலையை உதறிவிட்டு, இல்ஃப்ரகூம் என்ற கடற்கரைச் சிற்றூரில் எழுத்தும் தோட்டவேலையுமாக எளிய வாழ்க்கை வாழ்ந்தவர். வெள்ளையர் ஆலையின் வேலை நேரத்தை எதிர்த்த சிதம்பரனார், அந்த உழைப்பிலிருந்து விலகிவந்த ஒரு வெள்ளையரைத் தமக்கு நெருக்கமாகக் கண்டிருக்கிறார். கண்ணனூர்ச் சிறையில் ‘மெய்யறம்’ எழுதினார்.

1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் நிறுவனம் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் கடை நடத்திப் பார்த்தார், வறுமை விடவில்லை. தொழிலாளர் இயக்கத்தோடு அங்கும் தொடர்பு வைத்திருந்தார். உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். இத்தனை இடர்களுக்கு நடுவிலும், திருக்குறள் அறத்துப்பாலுக்கான மணக்குடவர் உரையை 1917இல் பதிப்பித்தார். தொல்காப்பியத்துக்கான இளம்பூரணர் உரையைத் தேடிப் பதிப்பிப்பதில் ஆண்டுகளைச் செலவிட்டார். கடன் நெருக்கும் வீட்டில் இது வீண் வேலை என்று எவரேனும் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் அவர் மறைந்தார்.

வாரம் எழுபது மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று பெரும் தொழிலதிபர் ஒருவர் 2023இல் அறிவுரை கூறியதும், அதே ஆண்டு நம் சட்டமன்றத்தில் நிறைவேறிய பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மசோதா திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது மே தினத்தன்று.

இதையெல்லாம் மாடி அறையில் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். ஒன்பது நாட்களா என்று வியந்தான். பிறகு, கோரல் மில்லில் எல்லோரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போனவர்கள் சித்தப்பா என்றான். அவனுடைய குழுவில் பதினோரு பேர், ஏழு ஊர்களில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் ஒருவரையும் அவன் நேரில் பார்த்ததில்லை.