ஒரு ஸ்பூனும் ஒரு மெழுகுவர்த்தியும்

வீட்டில் பாட்டி கால் வீங்கிடுச்சுன்னு சொல்லும்போது என்ன பண்ணுவீங்க? தைலம் தேய்ச்சு விடுவீங்க, அவ்வளவுதானே? அடுத்த முறை கணுக்காலுக்கு மேலே, முன்எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் மெதுவாக அழுத்தி எடுத்துப் பாருங்க. குழி உடனே மறையாமல் நின்றால், அங்கே நீர் கோத்திருக்கு.

அந்த நீர் எங்கிருந்து வந்ததுன்னு தேடியவர்தான் ரிச்சர்ட் பிரைட். 1789-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர். எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1810-இல் ஐஸ்லாந்துக்குப் பயணம் போனார். பிறகு லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவரானார்.

அப்போது உடம்பு வீங்கினால் அந்த வீக்கத்தையே நோயாகப் பார்த்தாங்க. நம்ம பாஷையில் சொன்னா, எரர் மெசேஜையே பக்னு நினைச்ச கதை. ரத்தம் எடுப்பாங்க, பேதிக்குக் கொடுப்பாங்க. நோயாளி பிழைப்பது அரிது.

பிரைட் நோயாளியின் சிறுநீரை ஒரு ஸ்பூனில் எடுத்து, மெழுகுவர்த்தியில் சூடாக்கினார். சிலருடையது முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்தது. அதில் ஆல்புமின் என்ற புரதம் இருந்தது. சிறுநீர் இப்படி உறைவது முன்பே சிலருக்குத் தெரியும். பிரைட் அதோடு நிற்கவில்லை. அந்த நோயாளிகள் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தார்; சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வீக்கம், புரதம், சிறுநீரகம் மூன்றையும் இணைத்து 1827-இல் நூலாக வெளியிட்டார்.

லாஜிக் எளிதுதான். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைப்பதில் ஆல்புமினுக்குப் பெரிய பங்கு உண்டு. பழுதான சிறுநீரகம் ஆல்புமினைக் கசியவிடும், உப்பையும் நீரையும் தேக்கும். நீர் திசுக்களுக்குள் இறங்கும்.

ஆனால் காரணம் தெரிந்தும் பிரைட்டால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. டயாலிசிஸ் அப்போது கிடையாது. இருந்தும் விடாமல், 1842-இல் கைஸ் மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே தனி வார்டுகள் வைத்து ஆராய்ந்தார். 1858-இல் இறந்தார்.

இன்று ஸ்பூனுக்குப் பதில் ஒரு சின்னப் பட்டை. சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். காலையில் முகமும் இமையும் உப்புவது, நாள்கணக்கில் கால் வீக்கம், திடீரென ஏறும் எடை, இதில் எதையும் வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. காரணம் சிறுநீரகமாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம், கல்லீரலாகவும் இருக்கலாம். மருத்துவர்தான் சொல்லணும்.

படிச்சு முடிச்சாச்சா? வீட்டுக்கு ஒரு போன் பண்ணி, பாட்டி கால் எப்படி இருக்குன்னு கேளுங்க.