பலூன் விற்றவர் டயர் மன்னர் ஆனார்

தோளில் ஒரு பை. பை நிறைய பலூன். சென்னைத் தெருக்களில் நடந்தே போய் விற்றார் ஒரு வாலிபர்.

அவர் கல்லூரியில் படித்தவர். பாங்கி நடத்தியவரின் மகன். பெயர் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை. பிற்காலத்தில் எம்.ஆர்.எப். டயர் கம்பெனியின் அதிபர் ஆனவர் இவர்தான்.

பாங்கி மூடியது

மாம்மன் மாப்பிள்ளை 1922-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி பிறந்தார். தந்தை கே.சி. மாம்மன் மாப்பிள்ளை, "மலையாள மனோரமா" பத்திரிகையின் ஆசிரியர். பாங்கியும் நடத்தினார். செல்வாக்கான குடும்பம்.

திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யருக்கும் தந்தைக்கும் ஆகவில்லை. 1938-ல் பாங்கி மூடப்பட்டது. பத்திரிகையும் நின்றது. சொத்து போயிற்று. தந்தை சிறைக்குப் போனார்.

மகனுக்கு அப்போது வயது 16 கூட நிரம்பவில்லை. பிறகு தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தபோது, விடுதியில் தரையில்தான் படுத்துத் தூங்கினார்.

திருவொற்றியூர் கொட்டகை

1946-ல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகை போட்டார். அப்பொழுது அது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்றுள்ள பெரிய ஆலைகள் எல்லாம் பிற்பாடு வந்தவை.

கொட்டகையில் பெரிய எந்திரம் எதுவும் கிடையாது. ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுத்து, காயவைத்து உரித்தால் பலூன். செய்வதும் அவர், விற்பதும் அவர். 1949-ல் தம்புச்செட்டித் தெருவில் ஒரு சிறிய ஆபீஸ் பிடித்தார்.

டிரெட் ரப்பர்

உறவினர் ஒருவர் பழைய டயருக்குப் புது ரப்பர் போடும் பட்டறை வைத்திருந்தார். அதற்கு வேண்டிய டிரெட் ரப்பரை வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்து வந்தது. "இதை நாம் ஏன் செய்யக்கூடாது?" என்ற எண்ணம் மாம்மன் மாப்பிள்ளைக்கு உண்டாயிற்று. கையில் இருந்ததை எல்லாம் அதில் போட்டார். 1952-ல் டிரெட் ரப்பர் தயாராயிற்று.

டிரெட் என்பது டயரில் தரையைத் தொடும் மேல்பட்டை. அதில் பள்ளம் பள்ளமாக வெட்டு இருக்கும். மழைத் தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாக வெளியேறும்; ரப்பர் சாலையைப் பிடித்துக் கொள்ளும். பட்டை தேய்ந்து மொட்டையானால், தண்ணீர் போக வழி இல்லை. சக்கரம் வழுக்கும்.

லாரி டயரின் உள்கூடு நன்றாக இருந்தால், தேய்ந்ததைச் சுரண்டிவிட்டுப் புதுப்பட்டை ஒட்டி, சூட்டில் வேகவைத்து மறுபடி ஓட்டலாம். மோட்டார் சைக்கிள் விஷயம் வேறு. இருப்பதே இரண்டு சக்கரம். ஒன்று வழுக்கினாலும் ஆள் கீழேதான். தேய்ந்தால் புது டயரே போடவேண்டும். டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். மேல்பட்டை தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். வீட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை குனிந்து பார்ப்பது நல்லது.

1956 முடிவதற்குள், நாட்டில் விற்ற டிரெட் ரப்பரில் சுமார் பாதி அவருடையது!

அமெரிக்க டயர், நம் ரோடு

அடுத்து டயரே செய்ய ஆசைப்பட்டார். அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்தார். 1961-ல் திருவொற்றியூரில் வேலை தொடங்கியது. அதே ஊரில்தான் என்பீல்டு கம்பெனி புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்து வந்தது.

ஆனால், வந்தது சோதனை. அமெரிக்க முறை அங்குள்ள வழுவழுப்பான சாலைக்கு ஏற்றது. இங்கோ குண்டும் குழியும், வெயில், அளவுக்கு மீறிய பாரம். டயர் தாங்கவில்லை. பெயர் கெடும் நிலைமை. மாம்மன் மாப்பிள்ளை பின்வாங்கவில்லை. நம் ரோட்டுக்கு ஏற்ற டயரை நாமே ஆராய்ந்து செய்வது என்று முடிவு செய்தார். 1963-ல் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்.

1967-ல் இவருடைய டயர் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. தொழில் கற்றுக்கொடுத்த நாட்டுக்கே விற்பனை!

பிறகு அரக்கோணம், கோட்டயம், கோவா என்று தொழிற்சாலைகள் பெருகின. 1992-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

2003-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி மாம்மன் மாப்பிள்ளை காலமானார். அவருக்கு வயது 80.