திப்பு சுல்தானும் வாளிற் பொறித்த புலிவரியும்

வாள், துப்பாக்கி, பீரங்கி முதலிய படைக்கலங்களிற் காணப்படும் பொறிகள் வெறும் அழகு கருதி இடப்பட்டன அல்ல. செய்த கொல்லனது குறி, உடைய அரசனது இலச்சினை, ஏந்துவோனைக் காக்குமாறு கடவுளை வேண்டுஞ் சொல் என்னும் மூன்றனுள் ஒன்றாகவே அவை பெரும்பாலும் இருக்கும். ஜெர்மனி தேசத்தில் டான்யூப் நதிக்கரையிலுள்ள பாசௌ நகரத்துக் கொல்லர் தாம் செய்த வாளலகில் ஓடும் ஓநாயின் உருவத்தைக் கீறி விற்றனர். ஓநாய் அந்நகரத்தின் இலச்சினை. அக்குறியுள்ள வாளுக்கு மதிப்பு மிகவே, சோலிங்கன் நகரத்தாரும் அதனைத் தம் வாள்களிற் பொறிக்கலாயினர். நாளடைவில் வாங்கிய போர்வீரர் அவ்வோநாய்க்கே ஒரு மந்திர வலி உண்டென நம்பத் தலைப்பட்டனர். ஊர்க்குறி காப்புக்குறியாயிற்று. பொறியின் பிறப்பு மறக்கப்படின் அதன் பொருளும் இவ்வாறு திரிந்துபோம்.

நம் தென்னாட்டிலே அங்ஙனம் பிறப்பு மறக்கப்பட்டதொரு பொறி மைசூர் வேந்தர் திப்பு சுல்தானது வாள்களிலுள்ள புலிவரியாகும். மைசூர்ப்புலி என்று அவரை அழையாதார் இலர். அப்பெயர்க்குக் காரணம் வினவின், அவர் காட்டில் ஒரு புலியைக் குத்துவாளாற் கொன்ற கதையைக் கூறி அமைவர். கதை கேட்க இனிதே. ஆயினும் பொறிக்கு அது மூலமாகாது. மூலம் அப்பொறியினுள்ளேயே எழுத்தாய் நிற்கின்றது. அதனை அவர்தம் வாழ்க்கையோடு வைத்துப் படித்தாலன்றி விளங்காதாதலின், அவ்வரலாற்றை யாம் வேண்டிய அளவிற் கூறுதும்.

திப்பு 1750ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள் பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியிற் பிறந்தார். தந்தையார் ஹைதர் அலி, தாயார் பக்ருன்னிஸா. ஆர்க்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் ஔலியா என்னும் பெரியாரின் சமாதியில் அவர்கள் மகப்பேறு வேண்டி நின்றனர் என்றும், பிறந்த மகவுக்கு அப்பெரியாரின் பெயரையே இட்டனர் என்றும் வழங்குவர். அவ்வழக்கின்படி, உலகறிந்த அப்பெயர் நம் தமிழகத்து ஆர்க்காட்டினின்று சென்றதாகும்.

ஹைதர் அலி அரசர் குடியிற் பிறந்தவரல்லர். மைசூர் உடையார்களின் படையிற் சிறு தலைவராய்ப் புகுந்து, தம் ஆற்றலால் உயர்ந்து, 1761ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆட்சி முழுவதையும் தங்கைப்படுத்தியவர். அவர் எழுத்தறியாதவர். கையொப்பம் வேண்டுமிடத்துத் தம் பெயரின் முதலெழுத்து ஒன்றனையே இடுவார். அவர் அடித்த ஒரு பொன் வராகனைப் பார்த்தால், ஒரு முகத்தில் சிவபெருமானும் உமையும் வீற்றிருப்பர். மறுமுகத்தில் அவ்வோரெழுத்தே தனித்து நிற்கும். பழைய வராகனின் உருவத்தை மாற்றாது, தம் எழுத்தை மட்டும் சேர்த்தார். நாணயம் செலாவணியாக வேண்டுமென்பதை அறிந்த கையின் வேலை அது.

தாம் பெறாத கல்வியை அவர் மகனுக்குக் குறைவறக் கொடுத்தார். திப்பு பாரசீகம் முதலிய மொழிகளைப் பயின்றார். பின்னாளில் அவர் அரண்மனைப் புத்தகசாலையில் ஏறத்தாழ 2000 ஏட்டுப் பிரதிகள் இருந்தன. எனினும் எழுத்தறியாத தந்தையின் அவ்வோரெழுத்தை அவர் கைவிட்டாரல்லர். தாம் பட்டமெய்திய பின்னரும் தம் நாணயங்களில் அதனையே அடித்தார். இச்சிறு செய்தியை வாசகர்கள் உளங்கொள்ளல் வேண்டும். வாளிலுள்ள பொறிக்குத் திறவுகோல் இதுவே.

இளமையிலேயே அவர் போர்த்தொழிலிற் புகுந்தார். 1767இல் குதிரைப்படையொன்றுடன் சென்னப்பட்டணத்துப் புறத்தேயுள்ள தோட்ட வீடுகள் வரை வந்து கும்பினியாரைக் கலங்கச் செய்தபோது அவர்க்கு வயது பதினாறே நிரம்பியிருந்தது. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லியின் சேனையைத் தந்தையும் மகனுமாய் வளைத்து அழித்தனர். பல்லவ மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்ற பழைய களமாகிய புள்ளலூரும் இதுவே. மைசூராரின் இரும்புக் குழாய் வாணங்கள் பாய, ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அன்று சிறைப்பட்டாருள் டேவிட் பெய்ர்ட் என்னும் இளங் காப்டன் ஒருவன். காயத்தோடு சீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1784 வரை கிடந்தான். அவன் பெயர் மீண்டும் வரும்.

1782ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூரை அடுத்த பாசறையில் ஹைதர் காலமானார். மகன் மலையாளக் கரையினின்று விரைந்து வந்து ஆட்சியேற்றார். 1784இல் மங்களூரில் ஆங்கிலேயர் அவருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இனிப் பொறிக்கு வருவோம். திப்புவின் ஆட்சியில் புலி இல்லாத பொருள் அரிது. அரியணையின் முன்னே பொற்புலித் தலை. பீரங்கி வாயில் புலிமுகம். படைவீரர் சட்டையில் புலிவரி. வாட்பிடியின் தலையிற் புலித்தலை. அலகிலும் உறையிலும் புலிவரி. இவ்வரிக்குப் பப்ரி என்று பெயர். புலியைக் குறிக்கும் பப்ர் என்னும் பாரசீகச் சொல்லடியாகப் பிறந்தது. நடுவிற் பருத்து, இரு முனையும் ஒடுங்கி, சற்றே நெளிந்த கோடு அது. ஒரு முறை கண்டவர் மறுமுறை எங்கே கண்டாலும் அறிந்துகொள்வர்.

புலி என்றவுடன் நம்மனோர்க்குச் சோழர் கொடி நினைவுக்கு வரும். கன்னட நாட்டார்க்கு விலங்கொடு பொருத சளனும் ஹொய்சளர் இலச்சினையும் நினைவுக்கு வரும். அந்நாட்டுக் குடிகளுக்குப் புலி பழகிய குறியாயிருந்தது திப்புவுக்கு உதவியிருக்கலாம். ஆனால் குறியின் வேர் வேறு. ஹைதர் என்னும் அரபுச் சொல்லுக்குச் சிங்கம் என்பது பொருள். நபிகள் நாயகத்தின் மருகரும் நான்காம் கலீபாவுமாகிய அலி அவர்கட்குரிய சிறப்புப் பெயர் அது. கடவுளின் சிங்கம் எனவும் அவரைச் சிறப்பிப்பர். இந்துஸ்தானி வழக்கில் ஷேர் என்னும் ஒரு சொல்லே சிங்கத்துக்கும் புலிக்கும் செல்லும். சிங்கமில்லாத தென்னாட்டுக் காட்டில் அது புலியாதல் இயல்பு. திப்புவின் கொடிகளிலும் படைக்கலங்களிலும் புலிமுகம் போலத் தோன்றும் ஓர் உருவத்தை நெருங்கிப் பார்த்தால், கண்ணும் செவியும் மூக்குமாக வளைந்திருப்பன அரபு எழுத்துக்களே என்பது புலனாம். கடவுளின் சிங்கமே வெற்றியுடையது என்பது அவற்றின் பொருள். அவர் பட்டறைத் துப்பாக்கிகளில் ஹைதரி என்னும் முத்திரையும் உண்டு.

ஆகவே அப்பொறி அரசுடைமையென அறிவிக்கும் முத்திரை; அலி அவர்களை முன்னிட்ட காப்புச் சொல்; எல்லாவற்றுக்கும் மேலாகத் தந்தையின் பெயர். கையொப்பமிட ஓரெழுத்தே அறிந்த ஒருவரின் பெயரை, மகன் இரும்பிலும் பொன்னிலும் துணியிலும் எழுதி நிரப்பினார். இதனைக் கொடுமையின் அடையாளம் எனக் கும்பினியார் எழுதிவைத்தது பகைமையின் வாசிப்பு. வீரச் செருக்கு என நம்மவர் கொள்வதும் அரைகுறை வாசிப்பே என்பது எம் கருத்து.

அப்பொறி தாங்கிய படை செய்தவற்றையும் மறைத்தல் தகாது. குடகரும், மலையாளத்து நாயரும், மங்களூர்க் கிறிஸ்தவரும் பெருந்திரளாய்ச் சிறைப்பிடிக்கப்பட்டுச் சீரங்கப்பட்டணம் கொண்டுசெல்லப்பட்டனர்; பலர் வலிந்து மதம் மாற்றப்பட்டனர். 1791இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, பொருளனுப்பி வழிபாட்டை மீள நிறுத்தியவரும் இதே திப்புவே. ஒன்றை மறைத்து மற்றொன்றை உரைப்பவர் தம் கட்சியை எழுதுகின்றாரேயன்றி வரலாற்றை எழுதுகின்றாரல்லர்.

அவர் ஆக்கிய புதுமைகள் பல. பட்டு வளர்ப்பை நாட்டிற் பரப்பினார். ஹிஜ்ரி ஆண்டை விடுத்து மௌலூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கை வகுத்து, நாணயங்களில் அவ்வாண்டின் இலக்கங்களை வலமிருந்து இடமாக அடிக்கச் செய்தார். மைசூர்ச் சீமையில் மூசையில் உருக்கி எடுக்கும் எஃகு முன்னரே பேர்பெற்றது. ஐரோப்பியர் வூட்ஸ் என்று எழுதியது கன்னடத்து உக்கு என்னும் சொல்லின் திரிபு என்பர். நம் உருக்கு என்பதும் அதன் உறவே.

1790இல் மூண்ட போரில் கார்ன்வாலிஸ் பிரபுவும் மராட்டியரும் நிஜாமும் ஒருங்கு சேர்ந்தனர். 1792 மார்ச்சில் திப்பு தம் நாட்டிற் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்தார். சேலம், பாராமகால், திண்டுக்கல் சீமைகள் கும்பினியார் கைக்கு வந்தது அப்போதே. பணம் தீருமளவும் பிணையாகப் பத்தும் எட்டும் வயதுள்ள புதல்வர் இருவரைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 1794இலே தான் மக்கள் முகத்தைக் கண்டார்.

1799 மே 4ஆம் நாள் நண்பகலில் சீரங்கப்பட்டணத்துக் கோட்டை மதிலின் பிளவு வழியே ஆங்கிலப் படை ஏறியது. நடத்திவந்தவர் ஜெனரல் பெய்ர்ட். முன்னர் அவ்வூர்ச் சிறையிற் கிடந்தவரே. உண்டுகொண்டிருந்த திப்பு எழுந்து சென்று ஒரு வாயிலருகே பொருது பல காயமுற்று வீழ்ந்தார். அவர் இடையிலிருந்த மணி பதித்த வாட்கச்சையை ஒரு சிப்பாய் பறிக்க முயல, கையிலிருந்த வாளால் அவனை வெட்டினார் என்றும், உடனே சுடப்பட்டு மாண்டார் என்றும் கூறுவர். அன்றிரவு தீப்பந்த வெளிச்சத்திற் பிணக்குவியலினிடையே அவருடலைத் தேடி எடுத்தனர். மறுநாள் தந்தையின் அருகில் அடக்கஞ் செய்தனர்.

அரியணையைத் துண்டு துண்டாக உடைத்துப் பங்கிட்டனர். படுக்கையறையிற் கண்டெடுத்த வாள் பெய்ர்டுக்குப் பரிசாயிற்று. ஐரோப்பியரோடு இந்நாட்டுக்கு வந்த ஜெர்மானிய அலகைப் பார்த்து இந்நாட்டுக் கொல்லர் செய்த வாள் அது. அலகில் அரசனது வாள் என்னும் பொருளுடைய எழுத்தும், பிடியிற் பொன்னால் இறைவனின் திருக்குணங்களும் பொறிக்கப்பட்டுள்ளன. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் மாநகரத்து ஏலத்தில் அது 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று.

திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையிற் குடிவைக்கப்பட்டனர். 1805 நவம்பரில் சென்னைப் படைச் சிப்பாய்கள் நெற்றியிற் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, புதுவகைத் தலைப்பாகை தரிக்க வேண்டும் என ஆணை பிறந்தது. தம் நெற்றிக் குறியை அழிக்கச் சொன்னவர்மேல் அவர்கள் 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் எழுந்தனர். கோட்டைமேல் அன்று ஏற்றிய கொடி திப்புவினது. ஆர்க்காட்டினின்று குதிரைப்படை வந்து அன்றே எழுச்சியை அடக்கியது. பல நூற்றுவர் சிப்பாய்கள் மாண்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அகற்றப்பட்டனர்.

இரண்டாண்டு கழித்து, 1808இல், சீரங்கப்பட்டணத்தை வென்ற படையினர்க்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. பெருந்தலைவர்க்குப் பொன், சிப்பாய்க்கு ஈயக்கலப்பு எனப் பதவிக்கேற்ப உலோகம் வேறுபட்டது, உருவம் ஒன்றே. ஆங்கிலச் சிங்கம் ஒரு புலியைக் கீழே வீழ்த்தி மிதித்து நிற்கும். மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் ஒரு தொடர் உண்டு. கடவுளின் சிங்கமே வெற்றியுடையது என்று திப்பு தம் கொடியில் எழுதிய அதே தொடர்தான் அது.